கையும் காலும் வெளியே

அத்தையின் வலது கட்டைவிரல் நகம் சப்பையாக, ஓரத்தில் கறுத்துப்போய் இருக்கும். பதின்மூன்று வருடமாக அந்த ஒரு விரலால்தான் ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின்களை நிறுத்தி வருகிறாள். வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு எத்தனை அத்தை?" என்று கேட்டால் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள்: "இருபத்திரண்டு செத்துச்சு. மூணு சாக மாட்டேன்னு அடம் பிடிச்சுது. திருப்பி அனுப்பிட்டேன்."

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தபோது, எதுவும் கேட்காமல் மாடி அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தது அத்தைதான். அன்பு என்று நினைத்தேன். அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பது போகப்போகத் தெரிந்தது.

அத்தை கார்ப் பந்தயத் திடலில் சோதனைக்காரி. வளைவே இல்லாத பந்தயம் அது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நானூறு மீட்டர் நேராகப் பாயும். பதினோரு விநாடியில் கதை முடிந்துவிடும். அந்தப் பதினோரு விநாடிக்காக ஆட்கள் வருடம் முழுக்கக் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார்கள். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரும் அத்தையின் தகர ஷெட்டுக்குள் வந்தாக வேண்டும். அவள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் ஓடலாம். சிவப்புச் சீட்டு எழுதினால் வீட்டுக்குப் போகலாம்.

கார் பாயும்போது பின் சக்கரம் தரையைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும். பின்னால் கனம் கூடட்டும் என்று, முன்னால் இருக்கிற பேட்டரியைக் கழற்றி டிக்கிக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். அத்தைக்கு அந்த மாதிரி கார் என்றால் உயிர். திறந்த டிக்கியைப் பார்த்தாலே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள்.

முதலில் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து, குடித்துவிட்டுத் தூங்குகிறவனை எழுப்புவதுபோல உலுக்குவாள். அது அசையக் கூடாது. இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, கனமான இரண்டு இரும்பு போல்ட்டால் காரின் அடிச்சட்டத்தோடு முடுக்கியிருக்க வேண்டும். நைலான் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு வந்த ஒருவனிடம், "பேட்டரி வெச்சிருக்கியா, தொட்டில் கட்டித் தாலாட்டுறியா?" என்று கேட்டாள். அலுமினிய போல்ட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து ஏமாற்றப் பார்க்கிறவர்களுக்காக நூலில் கட்டிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறாள். போல்ட்டில் ஒட்டாவிட்டால், அதே காந்தத்தை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்து, "இங்கயும் ஒண்ணும் இல்ல" என்பாள். டிக்கிக்கும் ஓட்டுகிறவர் இருக்கைக்கும் நடுவே சந்து இல்லாமல் தகடு அடைத்திருக்க வேண்டும். பேட்டரி வெடித்தால் அமிலமும் தீயும் ஆள் பக்கம் வரக்கூடாது. அத்தை டார்ச்சை எரியவிட்டு டிக்கிக்குள் போட்டு மூடிவிட்டு, முன் இருக்கையில் தலையை விட்டுப் பார்ப்பாள். ஊசி முனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் சிவப்புச் சீட்டுதான்.

கடைசியாக, டிக்கியில் பேட்டரி இருக்கிற கார்களுக்கு மட்டும், ஸ்விட்ச். காரின் பின்புறம், வெளியே, கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும். சுவரில் மோதிக் கிடக்கிற காரிடம் ஓடி வருகிறவனுக்குக் கதவையோ டிக்கியையோ திறந்து பார்க்க நேரம் இருக்காது. அந்தக் குமிழை ஒரே தள்ளாகத் தள்ளுவான். தள்ளியதும் மொத்தக் காரும் சாக வேண்டும். எஞ்சின், பெட்ரோல் பம்ப், விளக்கு எல்லாம். இழுக்கிற ஸ்விட்ச் செல்லாது. பதற்றத்தில் யாருக்கும் இழுக்கத் தோன்றாது என்பாள்.

இதை எஞ்சின் ஓட ஓடச் சோதிப்பாள். அதற்கு முன் ஒரு கட்டளை உண்டு: "பின் விளக்கப் போடு. ரெண்டு கையும் வெளிய." ஓட்டுகிறவர் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். பின்னால் அவள் ஸ்விட்சைத் தள்ளும்போது, முன்னால் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி ஏமாற்றிய ஆட்கள் இருந்தார்கள். அவர்களால் வந்த வழக்கம் இது. திடலில் அவளுக்குப் பெயரே கைநீட்டு. "கைநீட்டு இன்னைக்கு எப்படி?" என்று வரிசையின் கடைசியில் நிற்பவன் கேட்பான். "காலைலயே நாலு பேர அழ வெச்சாச்சு. சாந்தமாத்தான் இருக்கு" என்பான் முன்னால் நிற்பவன். ஷெட்டுக்குள் அத்தைக்கு மனிதர்கள் கிடையாது. கார் எண்கள்தான்.

மாமா ஆட்டோ எலக்ட்ரீஷியன். திடலுக்குப் போகிற சாலையிலேயே கடை. அத்தைக்கு இந்த வேலை கிடைத்தபோது ரொம்பச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். "இனிமே நம்ம வண்டிக்கு யாரு சீட்டு எழுதுவா?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். அந்தக் காலத்தில் ஸ்விட்ச் சோதனையை எஞ்சினை நிறுத்திவைத்துத்தான் செய்வார்கள். விளக்கு அணைந்தால் போதும். ஆறு வருடம் அப்படிப் போனது. ஒரு நாள் அத்தை விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். எஞ்சின் உட்பட அனைத்தும் நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. மறுநாள் காலை வரிசையில் நின்றவர்களிடம், "ஸ்டார்ட் பண்ணு" என்றாள். மாமா ஒயரிங் செய்த கார்கள் அன்று பதினொன்று. பதினொன்றிலும் ஸ்விட்சைத் தள்ளினாள். பதினொன்றும் ஓடிக்கொண்டே இருந்தன.

காரணம் சின்னது. எஞ்சின் ஓடும்போது முன்னால் இருக்கிற ஆல்டர்னேட்டர் தானாகவே மின்சாரம் தயாரிக்கும். ஸ்விட்ச் டிக்கியில் இருக்கிற பேட்டரியை மட்டும் துண்டித்தால், ஆல்டர்னேட்டரை வைத்துக்கொண்டு கார் பாட்டுக்கு ஓடும். அதைத் தடுக்க, ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு கனமான ஒயரை டிக்கி வரை இழுத்து, ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் பேட்டரியோடு சேர்த்துவிட வேண்டும். பதினைந்து அடி ஒயர். அவ்வளவுதான்.

மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். மாமா மறுத்துவிட்டார்.

"ஓட்டுறவன் பக்கத்துலயே இன்னொரு கரன்ட் கம்பிய இழுத்துட்டுப் போகச் சொல்றா. அது நசுங்கினா தீப்பிடிக்காதா?" என்பார்.

"ஃப்யூஸ் போடுங்க" என்பாள் அத்தை.

"எனக்கு நீ தொழில் சொல்லித் தரியா?"

பேச்சு அங்கே நின்றுவிடும். பதின்மூன்று வருடமாக அங்கேதான் நிற்கிறது. மாமா சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் அவரைத் தடுத்தது அந்த நியாயம் இல்லை. பதினோரு கார்க்காரர்களும் அன்று ஷெட் அதிரச் சிரித்திருந்தார்கள். ஒயரை இழுத்தால் அந்தச் சிரிப்பு சரி என்று ஆகிவிடும். பந்தயக் கார்கள் ஒவ்வொன்றாக வேறு கடைக்குப் போயின. மாமாவுக்கு வேன் ஹாரனும் பைக் விளக்கும் மிஞ்சின. வீட்டில் இருவரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாமா சமைத்த ஒரு நாள், அத்தை சிவப்புச் சீட்டில் 'உப்பு' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, அவர் தட்டுக்கு அடியில் செருகி வைத்ததை நானே பார்த்தேன்.

இவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் சிட்டு. ஷெட்டில் முப்பத்தாறு.

சிட்டுக்கு இருபத்தாறு வயது. அந்தத் திடலில் அவள் அளவுக்குப் பச்சை விளக்கு எரிந்த நொடியிலேயே சரியாகப் பாய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். எஞ்சின் செய்கிற கம்பெனி ஒன்று அந்த வருடம் ஓர் அறிவிப்புச் செய்திருந்தது. ஒரே பருவத்தில் மூன்று முறை பதினோரு விநாடிக்குள் ஓடி முடிக்கிற முதல் ஆளுக்கு அடுத்த வருடம் புது எஞ்சினும், பெரிய திடல்களில் ஓட இடமும் தருவார்கள். குளிர் மாதங்களில் சிட்டு இரண்டு முறை முடித்துவிட்டாள். வெயில் ஏறியதும் பின் சக்கரம் வழுக்கத் தொடங்கியது. மூன்றாவது கைக்கு எட்டாமல் போக்குக் காட்டியது. பேட்டரியை டிக்கிக்கு மாற்றினாள். அது இருந்த இடத்தில் பெரிய காற்றுக் குழாயைப் பொருத்தினாள். எல்லாமே அவள் கை வேலை, ஒயரிங் மட்டும் அப்பா. அந்தக் காரின் ஒயரைத் தொட அவர் வேறு யாரையும் விடமாட்டார்.

பேட்டரியை மாற்றிய பிறகு முதல் முறையாக ஷெட்டில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை ஸ்விட்சைத் தள்ளினாள். எஞ்சின் ஓடியது.

"அம்மா, அப்பா அந்த ஒயர இழுக்க மாட்டேங்கறார்ம்மா."

"இங்க யாருக்கு யாரு அம்மா?" என்று சீட்டைக் கிழித்து நீட்டினாள் அத்தை. "அடுத்தது நாப்பத்தொண்ணு, உள்ள வா."

அடுத்த மாதம் மறுபடியும் ஓடியது. "போன தடவ நிக்காதது இந்தத் தடவ நிக்கும்னு எந்த ஜோசியன் சொன்னான், முப்பத்தாறு?" என்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். வரிசை சிரித்தது.

சிட்டு இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் போனாள். "உங்கப்பா ஒயர் போட்ட வண்டியில நான் கை வெச்சா, நாளைக்கு அவர் மூஞ்சில முழிக்க வேண்டாமா?" என்று அவர் நழுவிவிட்டார். அப்பாவின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "ஒன்ன பாஸ் பண்ண வைக்க வேண்டியது என் பொறுப்பு. ஒயர மட்டும் கேக்காத" என்றார் மாமா. பருவத்தின் கடைசிப் பந்தயம் மட்டும் மிச்சம். பல் டாக்டர் ஒருவரும் இரண்டு ஓட்டம் முடித்துவிட்டுத் தயாராக இருந்தார்.

அந்த வாரம் மாமா என்னைக் கடைக்குக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார். கியர் தானாக மாறுகிற கார் என்பதால் அதில் இடது காலுக்கு வேலை இல்லை. அந்தக் கால் ஓய்வெடுக்கிற இடத்தில், ரப்பர் விரிப்புக்கு அடியில், ஒரு சின்னப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். குதிகாலால் அழுத்தினால் எஞ்சினுக்குப் பொறி போவது நின்றுவிடும். அத்தை பின்னால் தள்ளும்போது சிட்டு முன்னால் அழுத்த வேண்டும். கைகள் சாதுவாக வெளியே நீண்டிருக்கும்.

"அத்தை கண்டுபிடிச்சுட்டா மாமா?"

"அவளா? இத்தன வருஷமா கை, கை, கை. மனுஷனுக்குக் கால்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். மாமாவை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை. பொத்தான் வெளியே தெரியாமல் இருக்க விரிப்பை மூன்று முறை வெட்டித் தைத்தார். முழுதாக ஒன்றரை நாள் ஆனது.

சிட்டு வந்து குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். "எங்கயாவது மோதிட்டா என்னப்பா ஆகும்?"

"நீ ஏன் மோதப் போற?"

சிட்டு விரிப்பின் ஓரத்தைக் காலால் சரிசெய்தாள். "ஒரே ஒரு ஓட்டம்தான்" என்றாள். எங்கள் இருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசிப் பந்தயத்தன்று ஷெட்டைச் சுற்றிக் கூட்டம். மாமா மஞ்சள் கோட்டுக்கு வெளியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அத்தை பேட்டரியை உலுக்கினாள். காந்தம் ஒட்டியது. டார்ச் வெளிச்சம் கசியவில்லை. "பின் விளக்கப் போடு. ரெண்டு கையும் வெளிய." கட்டைவிரல் தள்ளியது. எஞ்சின் நின்றது.

வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். அத்தை மட்டும் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கான ஒயரிங்கில், தள்ளிய நொடியே விளக்கு பட்டென்று போய்விடும். எஞ்சின் அதற்குப் பிறகு ஒரு மூச்சு சுற்றிவிட்டு நிற்கும். இந்தக் காரில் எஞ்சின் அடங்க அடங்க, அதோடு சேர்ந்து விளக்கும் மெதுவாக மங்கி அணைந்தது. அரை விநாடி வித்தியாசம். அத்தை நிமிர்ந்தாள். பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள்.

"தேங்க்ஸ்ம்..." என்று தொடங்கினாள் சிட்டு.

"அடுத்தது" என்றாள் அத்தை.

மாமா என் தோளில் தட்டினார். "பாத்தியா? கால்!"

சிட்டுவின் முறை வந்தபோது கேலரி நிறைந்திருந்தது. கம்பெனி ஆள் ஓட்டம் தொடங்குகிற கோட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த தடத்தில் பல் டாக்டர். சிட்டு ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி, எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது ஷெட்டிலிருந்து அத்தை நடந்து வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஓட்டக் கோட்டுக்கு வந்ததே இல்லையாம்.

"என்னம்மா இந்தப் பக்கம்?" என்றார் கொடிக்காரர்.

"சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஒரு நிமிஷம்." காரின் பின்னால் போய் நின்றாள். "முப்பத்தாறு. எஞ்சின நிறுத்தாத. ரெண்டு கையும் வெளிய."

கைகள் வெளியே வந்தன. கூட்டம் வேடிக்கையாகக் கை தட்டியது.

"இப்ப பெல்ட்டக் கழட்டு. ரெண்டு காலும் வெளிய."

கை தட்டல் நின்றது. பிறகு ஒரு மூலையிலிருந்து சிரிப்பு கிளம்பி மொத்தக் கேலரிக்கும் பரவியது. சிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"வேண்டாம்மா. நான் வண்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

"கால்."

"ஏய், எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார்.

அத்தை திரும்பவில்லை. "வெளியாள் யாரும் கோட்டத் தாண்டக் கூடாது" என்றாள்.

சிட்டு இருக்கையில் மல்லாந்து, பாதுகாப்புக் குழாய்களுக்கு இடையே உடம்பை வளைத்து, ஒரே ஜன்னல் வழியாக இரண்டு கையையும் இரண்டு காலையும் வெளியே விட்டாள். கவிழ்ந்த கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. "குழந்தைக்குத் துணி மாத்தப் போறாங்கடோய்!" என்று ஒருவன் கத்தினான். கம்பெனி ஆள் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தை ஸ்விட்சைத் தள்ளினாள். எஞ்சின் ஓடியது. அவள் விரலை எடுக்காமல் நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி ஓடவிட்டாள். பிறகு முன்னால் வந்து, காந்தத்தின் விளிம்பால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். சிவப்புச் சீட்டை எழுதி, வெளியே நீண்டிருந்த கையில் வைத்தாள்.

"மோதி மயங்கிக் கெடக்கறப்ப எந்தக் காலால அழுத்துவ?"

பல் டாக்டர் தனியாக ஓடினார். பதினோரு விநாடிக்குள் முடித்தார். எஞ்சின் அவருக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து, மாடிப்படியில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன்.

"ஷெட்லயே தெரிஞ்சுதா?"

"விளக்கு கடைசியில செத்துச்சே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"ரெண்டு தடவ ஷெட்லதான் சொன்னேன். மூணாவது தடவயும் அங்கயே சொன்னா உங்க மாமா முழங்காலுக்கு ஒரு பொத்தான் வைப்பாரு. அப்புறம் முதுகுக்கு, அப்புறம் பல்லுக்கு. நான் எதையெல்லாம் வெளிய நீட்டச் சொல்றது?"

"சிட்டுவ நெனச்சுப் பாத்தீங்களா?"

"அங்க எங்க சிட்டு இருந்தா? முப்பத்தாறுதான் இருந்துச்சு." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "டார்ச் பிடிச்சது நீதான?"



சிட்டு இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாத காரில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பின்பக்கமாக நிறுத்தச் சொல்லித் தருகிறாள். மாலையில் அத்தை கீழேயிருந்து, "சிட்டு, சாப்பிட வா" என்று கூப்பிடுவாள். "முப்பத்தாறு சாப்பிட்டாச்சு" என்று பதில் வரும். அத்தை அதற்கு மேல் கூப்பிடுவதில்லை.

அடுத்த பருவம் தொடங்கும்போது காரைப் பேக்கரிக்காரர் ஒருவர் வாங்கினார். நல்ல மனிதர். எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாதவர். "ஷெட்ல அந்த அம்மா பாஸ் பண்ணணுமாமே. ஏதோ ஒயர் இழுக்கணும்னாங்க. அதையும் இழுத்துக் குடுத்துடுங்க அண்ணே" என்று மாமாவிடம் சொன்னார். மாமா எழுந்து உள்ளே போனார். ஒயர்ச் சுருளை எடுத்து வந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்கு அடியிலிருக்கிற பள்ளத்தோடு ஒயரைப் படியவைத்து, தகட்டு ஓட்டைகளில் ரப்பர் வளையம் போட்டு, இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வைத்து, ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் முடுக்கினார். அழகான வேலை. பேக்கரிக்காரருக்குப் பந்தயத்தில் ஓட்ட உரிமம் இன்னும் வராததால், காரை ஷெட்டுக்குக் கொண்டுபோக சிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"எவ்வளவு நேரம்ப்பா ஆச்சு?" என்றாள்.

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணே கால் மணி நேரம்கூட ஆகலம்மா!" என்றார் பேக்கரிக்காரர். "உங்கப்பா கை என்ன வேகம்ங்கற!"

சிட்டு தலையை ஆட்டினாள். காரில் ஏறினாள்.

ஷெட்டில் அன்று எங்கள் காருக்குப் பின்னால் நாலைந்து கார்கள் இருந்தன. அத்தை பேட்டரியை உலுக்கினாள். காந்தத்தை வைத்தாள். டார்ச்சைப் போட்டுப் பார்த்தாள். "ஸ்டார்ட் பண்ணு. பின் விளக்கப் போடு" என்றாள்.

அடுத்ததை அவள் சொல்வதற்கு முன்பே சிட்டு மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் இரண்டு காலையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மாமா தரையைப் பார்த்தார்.

அத்தை தள்ளினாள். விளக்கு முதலில் போனது. எஞ்சின் ஒரு மூச்சு சுற்றி, நின்றது.

"பாஸ்" என்றாள் அத்தை.

கைகளும் கால்களும் வெளியேதான் இருந்தன.

"அதான் பாஸ்னுட்டாங்களேம்மா, உள்ள எடுத்துக்கோ" என்றார் பேக்கரிக்காரர். சிட்டு அசையவில்லை. பின்னால் ஒருவன் மெதுவாக ஹாரன் அடித்தான். அத்தை பச்சை ஸ்டிக்கரின் பின்தாளை உரித்துக்கொண்டிருந்தாள். சப்பை நகம் என்பதால் அது சுலபத்தில் உரிபடவில்லை.